ஊர் இட்ட முதல்

நுழையும்முன்

ஓர் ஊரில் ஆலை எழுவதற்கு என்னென்ன வேண்டும்? மூலப்பொருள் வேண்டும்; இயந்திரம் வேண்டும்; அதனை இயக்க விசை வேண்டும்; விளைந்த பொருளை ஏற்றிச்செல்லப் பாதை வேண்டும். இவை யாவும் இருந்தும் ஆலை எழாத ஊர்கள் பல உண்டு. ஒருவரையொருவர் நம்பித் தம் பொருளை ஒன்றாகச் சேர்க்கும் மனம் வாய்த்த ஊரிலேயே தொழில் வேரூன்றும். அத்தகைய நம்பிக்கையைத் தம் ஊரில் திரட்டி, அதனைத் தம் வாழ்நாள் முழுதும் காத்த ஒருவரின் வரலாறு இப்பாடமாக அமைகிறது.

மலையடி ஊர்

மதுரையிலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, கிருஷ்ணன்கோவிலைக் கடந்ததும் மேற்குத்தொடர்ச்சி மலையை நெருங்கத் தொடங்குகிறது. அங்கிருந்து சில கல் தொலைவில் ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரம் வானளாவி நிற்கிறது. அதனைத் தாண்டித் தெற்கே சென்றால், ஆலை மதில்களும் பஞ்சுப்பொதி ஏற்றிய வண்டிகளும் பயணியை எதிர்கொள்கின்றன. அதுவே இராசபாளையம். ஒருபுறம் நீலநிற மலைத்தொடர். மறுபுறம் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை விரியும் கரிசல்காடு. இவ்விரண்டிற்கும் இடையில் அமைந்த ஊர் இது.

மலையில் பெய்யும் மழை அய்யனார்கோவில் பகுதியில் அருவியாக இறங்கி, முடங்கியாறாக ஓடிவருகிறது. ஆயினும் இது காவிரியையோ தாமிரபரணியையோ போன்ற வற்றாத ஆறு அன்று. மழைக்காலத்தில் பெருகி, கோடையில் மெலியும் மலையாறு இது. எனவே இவ்வூர் மக்கள் கண்மாய்களையும் கிணறுகளையும் நம்பியே பயிர் செய்தனர். விசயநகரப் பேரரசின் காலத்தில் ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்த ராஜு குலத்தார் பலர் இங்குக் குடியேறினர் என்பது வரலாறு. உழவும் தோப்புமாக வாழ்ந்த அக்குலத்தில் 1894 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் நாள் பிறந்தவர் பி.ஏ.சி. இராமசாமி ராஜா.

கரிசல் தந்த பொருள்

இராமசாமி ராஜா வளர்ந்த காலத்தில் இராசபாளையம் பகுதியின் செல்வம் பருத்தியே ஆகும். கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் தாங்கும் தன்மையுடையது. ஓரிரு மழை பெய்தாலே அம்மண்ணில் கருங்கண்ணிப் பருத்தி தழைத்துவிடும். கிணற்றுப் பாசனம் உள்ள நிலங்களில் நீண்ட இழையுடைய கம்போடியாப் பருத்தியும் விளைந்தது. பஞ்சு வெடித்துச் சிரிக்கும் மாதங்களில் காடெல்லாம் வெண்ணிறம் பூக்கும். ஆனால், அவ்வெண்மையின் பயன் விளைவித்தவனுக்கு முழுமையாகக் கிட்டவில்லை.

உழவன் எடுத்த பருத்தி தரகர் கைக்குச் சென்றது. கொட்டை நீக்கப்பட்டுப் பொதிகளாகக் கட்டப்பட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து கப்பலேறி அயல்நாட்டு ஆலைகளுக்குச் சென்று, நூலாகவும் துணியாகவும் மாறித் திரும்பி வந்தது. தான் விளைவித்த பஞ்சை விற்ற உழவனே, அதனைப் பன்மடங்கு விலை கொடுத்துத் துணியாக வாங்கி உடுத்தினான். பஞ்சுக்கும் துணிக்கும் இடையில் நிகழும் தொழில் எந்த ஊரில் நடைபெறுகிறதோ, அந்த ஊரிலேயே ஊதியமும் கூலியும் தங்கும் என்பதை அக்காலம் உணர்த்தியது.

தென்தமிழ்நாட்டில் நூற்பாலை இல்லாமலும் இல்லை. 1880களிலேயே ஆர்வி சகோதரர்கள் பாபநாசத்தில், மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணியின் நீர்விசையைப் பயன்படுத்திப் பஞ்சாலை அமைத்தனர். பின்னர்த் தூத்துக்குடியிலும் மதுரையிலும் அவர்களுடைய ஆலைகள் எழுந்தன. அவை வலிமைமிக்க நிறுவனங்கள். எனினும் அவற்றின் முதலும் மேலாண்மையும் ஐரோப்பியரிடம் இருந்தன. வற்றாத ஆறும் இல்லாத, அயல்நாட்டு முதலும் இல்லாத ஒரு மலையடி ஊர் தானே ஓர் ஆலையை எழுப்ப இயலுமா என்பது அன்று எளிதில் விடை காண முடியாத வினாவாக இருந்தது.

மாறிய காலம்

அவ்வினாவிற்கு விடை காணும் சூழல் மெல்ல மெல்ல உருவாயிற்று. 1927 ஆம் ஆண்டு விருதுநகர் முதல் தென்காசி வரையிலான இருப்புப்பாதை திறக்கப்பட்டது. திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகச் சென்ற அப்பாதை, மாட்டுவண்டியை நம்பியிருந்த ஊர்களைத் துறைமுகத்தோடும் பெருநகரங்களோடும் இணைத்தது. அதே ஆண்டில் காந்தியடிகள் இராசபாளையத்திற்கு வருகை புரிந்தார். கதர் இயக்கம் இவ்வூரில் ஆழ வேரூன்றியிருந்தது. இராட்டையில் நூற்கும் பெண்கள் பலர் இங்கு இருந்தனர். தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ளும் ஊரே உரிமையுடைய ஊர் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் படிந்தது.

1932 ஆம் ஆண்டு நீலகிரியின் பைக்காராவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரத்தால் கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. ஆலை நடத்த இனி ஆற்றங்கரையோ நிலக்கரிக் குவியலோ வேண்டியதில்லை. மின்கம்பி வந்தடையும் எந்த ஊரிலும் இயந்திரம் சுழலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

மறுபுறம், 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் பருத்தியின் விலையை வீழ்த்தியிருந்தது. விளைவித்த செலவிற்கும் விலை கட்டாமல் உழவர்கள் கடனில் ஆழ்ந்தனர். மூலப்பொருளை மட்டுமே விற்று வாழும் ஊர், தொலைதூரச் சந்தையின் ஏற்றத்தாழ்விற்கு இரையாகும் என்பதை அவ்விடர் தெளிவாக்கியது. இத்தகைய காலத்தில்தான் இராமசாமி ராஜா தம் ஊரில் ஆலை காணும் முயற்சியில் இறங்கினார்.

பங்கு என்னும் நம்பிக்கை

நூற்பாலை என்பது ஒருவர் கைப்பொருளில் அமையக்கூடியது அன்று. கட்டடம் எழுப்ப வேண்டும். பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே வந்த நூற்பு இயந்திரங்களை வாங்க வேண்டும். முதல் நூல் விற்றுப் பணம் திரும்பும்வரை பஞ்சிற்கும் கூலிக்கும் செலவிட வேண்டும். இத்துணைப் பொருளைத் திரட்ட இராமசாமி ராஜா தேர்ந்த வழி, பொதுமக்கள் பங்கு கொள்ளும் நிறுவனம் ஆகும். 1936 ஆம் ஆண்டு இராசபாளையம் மில்ஸ் என்னும் பெயரில் அந்நிறுவனம் உருவாயிற்று.

பொதுப்பங்கு நிறுவனத்தின் இயல்பை இங்கு அறிந்துகொள்வது நலம். நிறுவனத்திற்குத் தேவையான முதல், சிறுசிறு பங்குகளாகப் பகுக்கப்படுகிறது. பங்கு வாங்கிய ஒவ்வொருவரும் அந்த அளவிற்கு அந்நிறுவனத்தின் உரிமையாளர் ஆகிறார். இலாபம் வந்தால் பங்கிற்கேற்ப ஈவு பெறுகிறார். இழப்பு நேர்ந்தால் தாம் இட்ட பங்குத்தொகை அளவிற்கே இழப்பார். அவருடைய நிலமும் வீடும் கடனுக்கு ஈடாகா. இம்முறை பெருநகர வணிகர்க்குப் பழகியதாக இருந்திருக்கலாம். நிலமும் நகையுமே சேமிப்பு எனக் கருதிய ஒரு கிராமியச் சூழலில், ஒரு தாளைப் பெற்றுக்கொண்டு கைப்பொருளைக் கொடுப்பதென்பது எளிய செயலன்று. நிலம் கண்முன் கிடக்கும். நகை பெட்டியில் இருக்கும். பங்கோ இன்னும் கட்டப்படாத ஓர் ஆலையைப் பற்றிய வாக்குறுதி மட்டுமே.

ஆயினும் ஊரார் கொடுத்தனர். அவர்கள் ஆலையை அறிந்து கொடுக்கவில்லை. இராமசாமி ராஜாவை அறிந்து கொடுத்தனர். நிறுவனத்தைத் தொடங்கியவர் அதே ஊரில், அதே தெருக்களில் நாள்தோறும் நடமாடுபவர். ஆலை நொடித்தால் அவர் முகம் கொடுக்க வேண்டியது முகமறியாப் பங்குதாரர்க்கு அன்று. தம் உறவினர்க்கும் அண்டை அயலார்க்கும் ஆகும். பங்கிட்டவர்க்குச் சட்டம் வகுத்த பொறுப்பு வரையறைக்கு உட்பட்டது. பங்கு திரட்டியவர்க்கு ஊர் வகுத்த பொறுப்போ வரையறையற்றது.

அப்பொறுப்பு எத்துணைக் கடுமையானது என்பதை அக்கால நிகழ்ச்சி ஒன்றால் உணரலாம். 1938 ஆம் ஆண்டு திருவிதாங்கூர் நேஷனல் குயிலான் வங்கி முறிந்தது. தென்னிந்தியா முழுவதும் கிளைபரப்பியிருந்த அவ்வங்கியில் பொருளிட்ட எண்ணற்ற குடும்பங்கள் தவித்தன. ஒரு நிறுவனத்தை நம்பிச் சேமிப்பை ஒப்படைத்தவர்களின் நிலை என்னவாகும் என்னும் அச்சம் எங்கும் பரவியது. புதிதாகத் தோன்றிய ஊர்ப்புற நிறுவனங்கள் தம் நாணயத்தால் மட்டுமே நிலைபெறக்கூடிய காலம் அது. அக்காலத்தைக் கடந்து இராசபாளையத்தின் ஆலை நிலைத்தது.

தெரிந்து தெளிவோம்

நூலின் மென்மையை அளக்க எண்முறை வழங்குகிறது. 840 கெசம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம் எனப்படும். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் எத்தனைச் சிட்டங்கள் உள்ளனவோ, அதுவே அந்நூலின் எண். ஒரு பவுண்டில் 20 சிட்டம் இருந்தால் அது 20 ஆம் எண் நூல். 100 சிட்டம் இருந்தால் 100 ஆம் எண் நூல். எண் உயர உயர நூல் மெலியும்.

ஆலையும் தறியும்

ஆலை வந்தால் இராட்டையும் கைத்தறியும் அழியாவா என்னும் கவலை அக்காலத்தில் எழுந்தது இயல்பே. கதர் உணர்வு மிக்க ஊரில் அக்கவலை இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். கையால் நூற்றுக் கையால் நெய்வது கதர். ஆனால், தமிழ்நாட்டின் கைத்தறி நெசவாளருள் பெரும்பாலோர் ஆலை நூலைக் கொண்டே நெய்துவந்தனர். நூல் வரத்துக் குறைந்தாலும் விலை ஏறினாலும் முதலில் நின்றது அவர்களுடைய தறியே. அருகிலேயே நூல் விளையும் ஆலை அமைவது நெசவாளர்க்கு ஒருவகையில் துணையும் ஆயிற்று. நூற்பாலை நூலைத் தருவது. தறி அதனைத் துணியாக்குவது. ஒன்றன் வாயிலில் மற்றொன்று தொடங்குகிறது.

ஆலைக்குள் நிகழும் தொழிலும் ஊரின் வாழ்வை மாற்றியது. பொதியிலிருந்து பிரித்த பஞ்சைத் தூசு நீக்கி, சீவி, இழைகளை ஒரே திசையில் நேராக்கி, திரியாக இழுத்து, முறுக்கேற்றி நூலாக்கும் ஒவ்வொரு படியிலும் மனிதக் கை வேண்டும். மழையை எதிர்பார்த்துக் காத்திருந்த கைகளுக்கு மாதந்தோறும் கூலி கிடைத்தது. கதிரவனைப் பார்த்துப் பொழுதறிந்த ஊர், ஆலைச் சங்கைக் கேட்டுப் பொழுதறியத் தொடங்கியது. ஆலைப் பணி எளிதன்று. இயந்திரங்களின் ஓசையும் காற்றில் மிதக்கும் பஞ்சுத் துகளும் இரவுப் பணியும் தொழிலாளர் உடலை வருத்துவன. ஊரின் வளர்ச்சியில் முதலிட்டவரின் துணிவிற்கு எத்துணைப் பங்குண்டோ, அதற்குச் சற்றும் குறையாத பங்கு அத்தொழிலாளரின் உழைப்பிற்கும் உண்டு.

புண்ணுக்கு இடும் பஞ்சு

முதல் ஆலையோடு இராமசாமி ராஜாவின் முயற்சி நின்றுவிடவில்லை. 1939 ஆம் ஆண்டு ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் என்னும் நிறுவனம் இராசபாளையத்தில் தொடங்கப்பட்டது. மருத்துவமனைகளில் புண்ணைத் துடைக்கவும் கட்டவும் பயன்படும் பஞ்சையும் துணியையும் உருவாக்குவது அதன் நோக்கம். நாட்டில் பலரும் நூலையும் துணியையுமே எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், மருத்துவப் பஞ்சு என்னும் துறையை நாடியது புதுமையான முயற்சியாகும்.

காட்டில் விளையும் பஞ்சு அப்படியே மருத்துவத்திற்கு உதவாது. இயற்கையாக அதன்மேல் மெழுகு போன்ற ஒரு படலம் படிந்திருப்பதால் அது நீரை உறிஞ்சாமல் மிதக்கும். காரம் கலந்த நீரில் கொதிக்கவைத்து அப்படலத்தை நீக்கி, வெளுத்து, அலசி, உலர்த்திச் சீவிய பின்னரே அது குருதியையும் சீழையும் உறிஞ்சும் தன்மை பெறும். நூற்பாலைக்கு மூலப்பொருள் ஆன அதே கரிசல் பஞ்சு, இவ்வாறு மற்றொரு பயனைப் பெற்றது.

அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. கடல்வழி வணிகம் தடைப்பட்டு, அயல்நாட்டுப் பொருள்களின் வரத்து அருகியது. மருத்துவப் பொருள்களின் தேவையோ பெருகியது. உள்நாட்டிலேயே அவற்றை உருவாக்கும் ஆற்றல் எத்துணை இன்றியமையாதது என்பதை நாடு அன்று உணர்ந்தது. இராசபாளையத்திற்கு அண்மையில் உள்ள சத்திரப்பட்டியில் இன்றும் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகள் இடையறாது ஒலிக்கின்றன. நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள மருத்துவமனைகளுக்கு அங்கிருந்து துணி செல்கிறது.

ஓர் ஊர், இருவர்

இராமசாமி ராஜாவின் காலத்தில் அதே ஊர் நாட்டிற்கு அளித்த மற்றொரு பெருமகனார் பூ.ச. குமாரசாமி ராஜா. 1898 ஆம் ஆண்டு பிறந்த அவர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும், பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் பணியாற்றினார். தாம் வாழ்ந்த வீட்டையே கலை வளர்ச்சிக்கென ஈந்தார். அது காந்தி கலை மன்றம் என்னும் பெயரில் இன்றும் இராசபாளையத்தில் விளங்குகிறது. 1957 ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இவ்விருவர் வழிகளும் வேறுவேறு. ஒருவர் தமக்கு உரியதை ஊருக்குக் கொடுத்தார். மற்றொருவர் ஊராரிடமிருந்து பெற்றதைப் பெருக்கி ஊருக்கே திருப்பினார். முன்னவர் விட்டுச் சென்றது ஒரு மன்றம். பின்னவர் விட்டுச் சென்றது ஆலைகள். மலையடியில் அமைந்த ஒரு சிற்றூர் நகரமாக வளர இவ்விரு வழிகளும் தேவைப்பட்டன.

பாறையிலிருந்து பிறந்த தொழில்

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாடெங்கும் அணைகளும் பள்ளிகளும் தொழிற்கூடங்களும் எழுந்தன. அவை யாவற்றிற்கும் சிமெண்டு தேவைப்பட்டது. தெற்கே தாழையூத்திலும் நடுநாட்டில் டால்மியாபுரத்திலும் சிமெண்டு ஆலைகள் இயங்கின. எனினும் நாட்டின் தேவை அவற்றை விஞ்சியிருந்தது. பஞ்சுத் தொழிலில் இருபதாண்டு கடந்த பட்டறிவு கொண்டிருந்த இராமசாமி ராஜா, தம் அறுபத்து மூன்றாம் வயதில் முற்றிலும் புதிய துறையில் கால்வைத்தார். 1957 ஆம் ஆண்டு மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் உருவாயிற்று.

விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டியுள்ள துலுக்கபட்டிப் பகுதி அதற்குரிய இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பயிருக்கு ஏற்றதெனக் கொள்ளப்படாத அந்நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல் மிகுந்திருந்தது. பயனற்றது எனக் கருதப்பட்ட பாறையே அங்கு மூலப்பொருள் ஆயிற்று. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் நீருடன் அரைத்துக் கூழாக்கி, சுழலும் நெடிய சூளையில் பெருவெப்பத்தில் சுட்டு, கிடைக்கும் கட்டிகளைச் சிறிதளவு ஜிப்சத்துடன் சேர்த்துப் பொடியாக்கினால் சிமெண்டு கிடைக்கும். நாளொன்றுக்கு 200 டன் உருவாக்கும் திறனுடன் அவ்வாலை 1961 ஆம் ஆண்டு தொடங்கியது. அவ்விடம் பின்னர் அவர் பெயராலேயே இராமசாமி ராஜா நகர் என வழங்கலாயிற்று, ஆர்.ஆர். நகர் என்பது அதன் சுருக்கம்.

ஆலை தன் முழு வளர்ச்சியை எட்டுவதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1962 ஆம் ஆண்டு பி.ஏ.சி. இராமசாமி ராஜா மறைந்தார். நூற்பாலைகளையும் பிறந்து ஓராண்டே ஆன சிமெண்டு ஆலையையும் தாங்கும் பொறுப்பு, 1935 இல் பிறந்த அவருடைய மைந்தர் பி.ஆர். இராமசுப்பிரமணிய ராஜாவின் தோளில் ஏறியது. அவர் காலத்தில் அத்தொழில்கள் பன்மடங்கு விரிந்து, ராம்கோ என்னும் பெயரால் நாடறியும் தொழிற்குழுமமாக உயர்ந்தன. தந்தையின் பெயரில் 1963 ஆம் ஆண்டு இராசபாளையத்தில் தொழில்நுட்பப் பயிலகம் தொடங்கப்பட்டது. இயந்திரத்தை இயக்கும் கைகளுக்கு அதன் இயல்பை அறியும் கல்வியும் அவ்வாறு ஊரிலேயே கிடைத்தது.

முதலும் முடிவும்

தமிழில் முதல் என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். தொழிலில் இடும் பொருளையும் குறிக்கும். இராசபாளையத்தின் தொழில் வரலாற்றில் இவ்விரு பொருளும் ஒன்றாகின்றன. ஊரார் இட்ட சிறுசிறு பங்கே அவ்வூரின் புதிய வாழ்விற்குத் தொடக்கம் ஆயிற்று.

பழைய ஆலைக் கட்டடங்களைக் காணும்போது செங்கல்லையும் சுண்ணாம்பையும் மட்டுமே நம் கண் காண்கிறது. அவற்றின் அடித்தளத்தில், விலை கட்டாத பருத்தியை விற்று வந்த ஓர் உழவரின் சேமிப்பு இருக்கலாம். பெட்டியில் கிடந்த பணத்தை எடுத்துக் கொடுத்த ஒரு குடும்பத்தின் தயக்கமும் துணிவும் இருக்கலாம். அத்துணிவு வீண்போகாமல் காப்பதையே தம் கடமையாகக் கொண்டவர் இராமசாமி ராஜா. ஆண்டுதோறும் ஏப்ரல் 24 ஆம் நாளில் இராசபாளையம் அவரை நினைவுகூர்கிறது. வற்றாத ஆறு வாய்க்காத ஊரில், வற்றாத நம்பிக்கையை ஊற்றாக்கிய அவர்தம் வாழ்வு, தம் ஊரைவிட்டு வெளியேறினால்தான் உயர்வு என எண்ணும் இளைஞர்க்கு ஒரு மறுமொழியாக என்றும் நிலைத்திருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்றுவரும் ஒரு தொழிலகம் அல்லது கடையின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

2. உங்கள் பகுதியில் விளையும் பொருள் ஒன்று, விளைநிலத்திலிருந்து பயன்படுத்துவோரை அடையும் வரையுள்ள படிகளை நிரல்படுத்தி, எந்தப் படியில் ஊதியம் மிகுதியாகக் கிடைக்கிறது என வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ‘ஊரின் வளர்ச்சிக்குத் தேவை கொடையா? தொழிலா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.